அம்மன் காலடியில் முப்பத்தெட்டு ஃபைல்கள்

அன்று கொச்சி மட்டாஞ்சேரி தமிழர் நலச் சங்கத்தின் மாடியில் இருந்தவர்கள் ஆறு பேர். தலைவர் சங்கரலிங்கம், எழுபத்திரண்டு வயது, நகரசபை சுகாதாரப் பிரிவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மருமகள் ரஜிதா, கும்பளங்கியைச் சேர்ந்த மலையாளப் பெண், சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது அதன் பக்கத்தில் போகக் கூடாதவள். செயலாளர் மாரிச்செல்வம். அவருடைய மகள் அமுதவள்ளி. தேவராவிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்பறிவாளர் விசாலாக்ஷி. அவருடைய உதவியாளன் பிஜு. ஏழாவதாக ஒருவரைச் சேர்க்கலாம் என்றால், சுவரில் புது மாலையோடு படமாக இருந்த இருளாயி அம்மாள். அவர் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது.

இந்த ஆறு பேரில் ஒருவராலும் வெளியே போக முடியவில்லை. விடியற்காலையிலிருந்து மழை. போதாததற்குக் காயலில் வேலியேற்றம், கடல் பொங்கி ஏறும் நேரம். ஓடை வழியே திரும்பி வந்த உப்புத் தண்ணீர் தெருவை நிரப்பி, கீழ்த்தளத்துச் சுக்குக் கிடங்கின் கதவில் இடுப்பளவுக்கு நின்றது. மாடிப்படியில் முதல் நான்கு படிகளைக் காணோம். மின்வாரியத்தார் காலையிலேயே தெரு லைனை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் வடிய ஆறு மணியாகும். அதுவரை சங்கத்துக்கு உயிர் கொடுப்பது மூலையில் இருந்த இன்வெர்ட்டர் ஒன்றுதான். அதற்காக விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரையும் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் மட்டும் ஓட விட்டிருந்தார்கள்.

சங்கரலிங்கம் தலைவர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே தண்ணீர் அடைத்திருந்தது என்றால், உள்ளே அவரை அடைத்திருந்தது அவருடைய வாக்கு. எதிரே இருந்த அறிவிப்புப் பலகையில் சாக்பீஸில் அவர் கையெழுத்திலேயே அது இருந்தது. ‘என் வீட்டு ஆள் கையால் இந்தக் கம்ப்யூட்டர் கெட்டிருந்தால், இந்த நாற்காலியில் இனி உட்கார மாட்டேன். ஆடிக் கொடையில் முதல் விபூதி என் குடும்பத்துக்கு வேண்டாம்.’

கொடை விழாவில் அந்த முதல் விபூதி அவருடைய தாத்தா காலத்திலிருந்து வருவது. தெருவைப் பெருக்க வந்தவர்கள் என்று ஊர் சொன்ன குடும்பத்துக்கு, அம்மன் சன்னிதியில் முதலில் நெற்றி நீட்டும் உரிமை இருந்தது. அதைப் பந்தயமாக வைத்து எழுதியவர் அவர். எழுதிய பிறகு, சொன்ன வாக்குக்குப் பழுது வரக் கூடாது என்று துப்பறிவாளரை அழைத்தவரும் அவரே.

“அண்ணாச்சி, பேசிப் பிரயோசனம் இல்ல,” என்றார் மாரிச்செல்வம். “போன வாரம் செவ்வாக்கிழம காலையில நான் கதவத் தெறக்கேன். இந்தப் புள்ள பென்டிரைவ கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ஸ்கிரீன்ல அம்மன் படம் இல்ல. முப்பத்தெட்டுக் குடும்பத்து ஃபைலும் இல்ல. ஃபார்மட் அடிச்சுட்டா. இதுக்கு மேல என்ன துப்பு?”

“அடிக்கிறதப் பார்த்தீங்களா?” என்று கேட்டார் விசாலாக்ஷி.

“அடிச்சு முடிச்ச பெறவு பார்த்தேன்.”

“பிணத்தப் பார்த்துட்டு, கொலையப் பார்த்தேன்னு சாட்சி சொல்றீங்க.”

விசாலாக்ஷி இருபது வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து, பிறர் சொன்ன பொய்களைப் பிழையில்லாமல் அடித்தவர். அந்தப் பயிற்சியில்தான் இப்போது பிழைப்பு நடத்துகிறார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதன் முன்னால் யார் எப்படி உட்காருகிறார்கள் என்பது மட்டும். மற்றதற்கெல்லாம் பிஜு இருந்தான். நாற்பது வயது, மொபைல் ரிப்பேர் கடை வைத்து மூடியவன்.

அமுதவள்ளி ஜன்னலோரம் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலை பதினொரு மணிக்குத் தாலுக்கா ஆபீஸில் அவளுக்கு விசாரணை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷத்துக்கு முன்பே அவளுடைய குடும்பம் கொச்சியில் இருந்தது என்று காட்டினால் சாதிச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் நர்சிங் சீட். பூட்டன் வேலன் நகரசபையில் வேலைக்குச் சேர்ந்த பதிவேட்டுப் பக்கம் சங்கத்தில் இருந்தது. அப்படி முப்பத்தெட்டுக் குடும்பத்துக் காகிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. போன மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பெட்டி முழுக்கக் கூழாகிவிட்டது. அதற்கு முந்தின வருஷமே ரஜிதா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்திருந்ததால் தப்பித்தார்கள். அந்தப் பக்கத்தில் உள்ள எண் கிடைத்தால் போதும், மூலப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். எண் யாருக்கும் நினைவில்லை.

“ரஜிதா,” என்றார் விசாலாக்ஷி, “புது விண்டோஸ் ஏன் போட்ட?”

“பழசு தொறக்கல, சேச்சி. நீல ஸ்கிரீன் வந்து சுத்திக்கிட்டே இருந்துச்சு. களமசேரியில என் அனியன் இருக்கான், கூடப் பிறந்த தம்பி. அவனைப் போன்ல வச்சுக்கிட்டு, அவன் சொன்ன மாதிரி செஞ்சேன்.”

“ஏன் தொறக்கல?”

ரஜிதா சுவர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சங்கரலிங்கம் அதைக் கவனித்தார். குற்றமில்லாதவள் நிமிர்ந்து பேசுவாள் என்பது அவர் கட்சி. மகன் விபின் இவளைக் கைபிடித்து வந்தபோதே, வெளியிலிருந்து வருகிறவளுக்கு இந்தக் குடும்பத்தின் பெயர் சுமக்க வேண்டிய பாரமாகத் தெரியாது என்று சொன்னவர் அவர். விபின் துபாய்க்குக் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். சொன்ன சொல் மட்டும் வீட்டில் இருந்தது.

“சரி, அனியன் என்ன சொல்லிக் கொடுத்தான்?”

“ஃபார்மட்ல கை வைக்காதே, டிலீட்டும் வேண்டா, சி டிரைவைக் காட்டி நெக்ஸ்ட் மட்டும் அடின்னான். ஒரு மெசேஜ் வரும், ஓகே குடுன்னான்.”

“என்ன மெசேஜ்?”

“படிக்கல. அவன் சொன்னபடி ஓகே குடுத்துட்டேன்.”

“முடிச்சப்புறம் ஃபைலைத் தேடினியா?”

“தேட விட்டாத்தானே?” முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. “மாரிச்செல்வம் சேட்டன் அப்பவே என்னை எழுப்பிவிட்டு ரூமைப் பூட்டிட்டார். இன்னைக்குத்தான் தொறந்திருக்கு.”

“சாட்சியப் பத்திரப்படுத்தினேன்,” என்றார் மாரிச்செல்வம்.

“நல்லது,” என்றான் பிஜு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. “தீப்பிடிச்ச வீட்டைப் பூட்டி வச்சு, நெருப்பைச் சாட்சிக்கு வச்சிருக்கார்.”

அவன் முதலில் டி டிரைவைத் திறந்தான். பழைய கொடைப் படங்கள் இரண்டு, செண்டை மேளம் ஒன்று, வேறு எதுவும் இல்லை.

“இது எந்தா அண்ணாச்சி? எல்லாரும் சாமானை டி-யிலதான் வைப்பாங்க. முன்னால வீட்டை இடிச்சுக் கட்டினாலும் பின்னால ஷெட்டு நிக்கும். முப்பத்தெட்டுக் குடும்பத்துச் சொத்தை நடுவீட்டுல போட்டது யாரு?”

ரஜிதா மாமனாரைப் பார்த்தாள்.

“நான்தான்யா சொன்னேன்,” என்றார் சங்கரலிங்கம். “ஆபீசுக்குப் போற எந்தக் காகிதமும் முதல்ல அம்மன் காலடியில வைக்கணும். எங்க வழக்கம் அது. ஸ்கிரீன்ல அம்மன் படம் இருக்கு. படத்துக்குக் கீழே, காலடியில, வரிசையா வைக்கச் சொன்னேன். அம்மனை விட்டுட்டு ஷெட்டுல கொண்டு வைக்கச் சொல்றீரா?”

“தப்பே இல்ல. ஆனா அம்மன் குடியிருந்தது சி-யில. அந்த வீட்டைத்தான் புதுசாக் கட்டியிருக்கு.”

மாரிச்செல்வம் கையை விரித்தார். “அப்போ போச்சுதானே? இதைத்தான் நானும் சொல்லுதேன்.”

இன்வெர்ட்டர் ஒரு தடவை கீச்சிட்டது. பேட்டரி களைத்துப் போனால் அது அப்படித்தான் சொல்லும். அமுதவள்ளி ஜன்னலை விட்டுத் திரும்பினாள். “அப்பா, இனி எவ்வளவு நேரம் தாங்கும்?” என்றாள்.

“பிஜு,” என்றார் விசாலாக்ஷி, “அந்த சி வீடு எவ்வளவு பெருசு?”

“நூறு ஜி.பி.”

“புது விண்டோஸ் எவ்வளவு இடத்த அடைக்கும்?”

“இருபத்தஞ்சு. ரொம்பத் தின்னாலும் முப்பது.”

“வேற ஏதாவது உள்ள இருக்கா?”

“ஒரு பாட்டு கூட இல்ல, சேச்சி. புதுப்பொண்ணு வந்த வீடு மாதிரி துடைச்சு வச்சிருக்கு.”

“அப்போ எழுபது காலியா இருக்கணும். எவ்வளவு காட்டுது?”

பிஜு பார்த்தான். அவனுடைய முகத்தில் இருந்த கிண்டல் இறங்கியது. “இருபத்தெட்டு.”

விசாலாக்ஷி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “குடி வந்தது ரெண்டு பேர். உலையில வேகுறது எட்டுப் பேருக்குச் சோறு. உள்ள யாரோ ஒளிஞ்சிருக்காங்க. அறை அறையாப் பாரு.”

இரண்டாவது அறையிலேயே கிடைத்தது. ‘பழைய விண்டோஸ்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு ஃபோல்டர், நாற்பது ஜி.பி.க்கு மேல். பிஜு தொடையில் தட்டிக்கொண்டான்.

“ஃபார்மட் அடிக்காம மேல போட்டா, புதுசு உள்ள வரும்போது பழசைத் துரத்தாது. மொத்தமா மூட்டை கட்டி ஒரு மூலையில தள்ளி வச்சிரும். அந்த மெசேஜ் சொன்னது அதுதான். நெக்ஸ்ட் மட்டும் அடின்னு சொன்ன அந்த அனியன் கைக்கு முத்தம் குடுக்கணும்.”

மூட்டையை அவிழ்க்கப் போனபோது, உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றது. அமுதவள்ளி திரைக்குப் பக்கத்தில் ஓடி வந்தாள். “பயப்படாதே, மோளே. வாச்மேன். கேட்டா விட்டுருவான்,” என்று பிஜு தொடரும்படி தட்டினான். ஒரு பச்சைக் கோடு பொறுமை இல்லாதவர்களைச் சோதித்தபடி ஊர்ந்தது. பிறகு திறந்தது. பயனாளர்கள், அதற்குள் சங்கம், அதற்குள் டெஸ்க்டாப். அதற்குள் முப்பத்தெட்டுப் பெயர்கள், ரஜிதா வைத்த வரிசை குலையாமல்.

பதினேழாவது பெயர் வேலன். மஞ்சள் பூத்த பதிவேட்டுப் பக்கம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு, கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை, மேல் மூலையில் எண். அமுதவள்ளி அந்த எண்ணை உரக்கப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

“இன்னொண்ணும் சொல்லணும்,” என்றான் பிஜு, தன் பென்டிரைவைச் செருகிக்கொண்டே. “இந்த மூட்டை என்னைக்கும் இருக்காது. பத்து நாள் போனா கம்ப்யூட்டரே பெருக்கித் தள்ளிரும். செவ்வாயிலிருந்து எண்ணுங்க. நாளைக்குப் பத்து.”

மாரிச்செல்வம் தான் பத்திரப்படுத்திய சாட்சியை அப்போதுதான் பார்ப்பவர்போல் பார்த்தார்.

முப்பத்தெட்டையும் பிரதி எடுக்கத் தொடங்கினான். மூன்று சதவீதம். இன்வெர்ட்டர் இரண்டாவது தடவை கீச்சிட்டது.

சங்கரலிங்கத்தின் மார்பு விரிந்தது. “பார்த்தீரா, செயலாளரே? என் வீட்டு ஆள் அழிக்கல.”

“அழிக்கல. ஒத்துக்கிடுதேன்,” என்றார் மாரிச்செல்வம். மகளின் எண் கிடைத்த பிறகும் அவர் விடுகிற ஆள் இல்லை. “ஆனா நல்லா ஓடின மிஷின் ஒரு ராத்திரியில எப்படிச் செத்துச்சு? யாரோ கெடுத்திருக்காகள்லா? போர்டுல நீங்க எழுதினது, ‘அழிச்சிருந்தா’ன்னு இல்ல. ‘கெட்டிருந்தா’ன்னு. நான் எழுதச் சொல்லல, அண்ணாச்சி.”

உண்மைதான். யாரும் எழுதச் சொல்லவில்லை.

“கண்டுபிடிங்க, அம்மா,” என்றார் சங்கரலிங்கம் விசாலாக்ஷியிடம். “அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது. யாரா இருந்தாலும் சரி, இந்த அறையிலேயே பேர் தெரியணும்.”

“மாமா, வேண்டா,” என்றாள் ரஜிதா.

“நீ சும்மா இரு.”

விசாலாக்ஷி அவளைப் பார்த்தார். பிறகு அவள் சற்று முன் பார்த்த சுவரைப் பார்த்தார். அங்கே இருளாயி அம்மாள் படத்துக்குப் பக்கத்தில், விபின் துபாயிலிருந்து அனுப்பிய மின்சாரக் கடிகாரம் சிவப்பு எழுத்தில் மின்னி மின்னி மணி காட்டியது. பத்து முப்பத்து மூன்று.

“இப்போ மணி என்ன, பிஜு?”

“மூணு பத்து.”

“இந்தக் கடிகாரத்துக்கு?”

“அது துபாயிலும் இல்ல, கொச்சியிலும் இல்ல. நடுக்கடல்ல இருக்கு.”

“இல்ல. சரியாத்தான் ஓடுது. பிறந்த நேரம்தான் வேற. மின்சாரம் போய்த் திரும்பி வந்தா இந்த மாதிரிக் கடிகாரம் பன்னெண்டுலேருந்து ஆரம்பிக்கும். யாராவது திருத்துற வரைக்கும் மின்னும். இது நாலு மணி முப்பத்தேழு நிமிஷம் பின்னால போகுது. அப்படின்னா இது பன்னெண்டு காட்டினப்போ ஊர்ல மணி?”

பிஜு விரல் விட்டு எண்ணினான். “நாலு முப்பத்தேழு.”

“இதைத் தினமும் சரி பார்த்து வைக்கிறது யாரு?”

“ரஜிதாக்கா,” என்றாள் அமுதவள்ளி. “அவங்களத் தவிர யாரும் தொட மாட்டாங்க.”

“செவ்வாய்க் காலையில பூட்டிட்டீங்க. திங்கள் வரைக்கும் சரியா இருந்திருக்கும். அப்போ போன வாரம் திங்கட்கிழமை சாயங்காலம் நாலு முப்பத்தேழுக்குக் கொஞ்சம் முன்னால இந்த மாடியில மின்சாரம் நின்னிருக்கு.”

“கரண்ட் போறது மட்டாஞ்சேரியில அதிசயமா?” என்றார் மாரிச்செல்வம்.

“போனா என்ன? காலையிலேருந்து இல்ல. கடிகாரம் நின்னுச்சா? கம்ப்யூட்டர் நின்னுச்சா? இன்வெர்ட்டர் தாங்குது. மெயின் ஸ்விட்சை இறக்கினாலும் தாங்கும். மெயினையும் இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைச்சாத்தான் இந்தக் கடிகாரம் சாகும். கம்ப்யூட்டரைக் கெடுக்க வந்தவன் அதோட பிளக்கை மட்டும் பிடுங்குவான். ரெண்டையும் தேடிப் போய் அணைச்சவனுக்குக் கம்ப்யூட்டர் மேல பகையே இல்ல. இந்த அறையில ஒரு பொட்டு வெளிச்சம் கூட இருக்கக் கூடாதுன்னு நெனச்சவன்.”

அறுபத்தொரு சதவீதம்.

“அந்த நேரத்துல மிஷின் என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு, ரஜிதா?”

ரஜிதா மறுபடியும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிஜுதான் சொன்னான். “அப்டேட்டா இருக்கும், சேச்சி. ஆபரேஷன் நடக்கும்போது தியேட்டர்ல விளக்கை அணைச்ச மாதிரி. வயித்தைத் தைக்கிறதுக்கு முன்னால நோயாளி காலி.”

“திங்கள் நாலரைக்கு இந்தத் தெருவுல என்ன நடந்துச்சு?” என்று விசாலாக்ஷி பொதுவாகக் கேட்டார்.

மாரிச்செல்வம் யோசிக்கக்கூட இல்லை. “இருளாயி அம்மா சவம் போச்சு. நான்தான் முன்னால தோள் குடுத்தேன். சங்கத்துக்குக் கீழ வரும்போது…” அவர் நிறுத்தினார். அவருடைய கண் தானாக நாற்காலிப் பக்கம் போனது. “நம்ம வழக்கப்படி மாடி இருட்டாத்தான் இருந்துச்சு.”

விசாலாக்ஷி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து, பிரதி ஓடும் திரையைப் பார்த்தார்.

சங்கரலிங்கத்துக்கு எல்லாம் தெளிவாக நினைவிருந்தது. மறக்கிற காரியமாக அவர் அதைச் செய்யவில்லை. நாற்பது வருஷம் இந்தத் தெருவைப் பெருக்கியவள் கடைசியாக அதில் போகிறாள். அவள் தலைக்கு மேல் விசிறி சுற்றக் கூடாது, விளக்கு எரியக் கூடாது. சவம் திருப்பம் தாண்டும்வரை சங்கம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் தனியாக இருந்தார். கதவைச் சாத்தினார். மெயினை இறக்கினார். இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்ளவே அதையும் அணைத்தார். அணைக்கும் முன் மேஜையில் நீலமாக ஒரு வெளிச்சம், அதில் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன, கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. செத்தவளை விட அது பெரிதில்லை என்று நினைத்தார். இருட்டில் எழுந்து நின்று கைகூப்பினார். பத்து நாளாக அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நீல வெளிச்சத்தைத்தான் கொன்றிருக்கிறார்.

பலகையில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. ‘என் வீட்டு ஆள்.’ அந்த வீட்டில் அவரும் ஒரு ஆள் என்பது எழுதும்போது தோன்றவே இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? விசாலாக்ஷி பெயர் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார் போலிருந்தது. மாரிச்செல்வமும் பார்வையை எடுத்துக்கொண்டார். தாத்தா, அப்பா, அவர், மூன்று தலைமுறை நெற்றி. ஆறு மணிக்குத் தண்ணீர் வடிந்துவிடும்.

“நான்தான் அணைச்சேன்,” என்றாள் ரஜிதா.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் இப்போது நிமிர்ந்துதான் நின்றாள்.

“சவம் வருதுன்னு கேட்டுச்சு. அப்டேட் ஓடிக்கிட்டு இருந்ததை மறந்து அணைச்சுட்டேன். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது.”

“காலையில படி ஏறும்போது வேற சொன்ன,” என்றார் விசாலாக்ஷி மெதுவாக. “மூணரைக்கு அப்டேட்டைப் போட்டுட்டு ரேஷன் கடைக்குப் போனேன்னு. விரல் வச்சதும் வந்த மெசேஜைக் காட்டின. நாலு முப்பத்தொண்ணு.”

“அது… வேற நாள்.”

“மெசேஜ்ல தேதி இருக்கு.”

“இருக்கட்டும், சேச்சி.” ரஜிதாவின் கண்கள் கெஞ்சின. “ஃபைல் கிடைச்சிருச்சுல்லே? பின்னே என்ன?”

“செவ்வாய்க்கிழமை அந்தக் கடிகாரத்தைப் பார்த்தப்பவே உனக்குத் தெரிஞ்சு போச்சு,” என்றார் விசாலாக்ஷி. “சாவி இருக்கிறது மூணு பேர்கிட்ட. நீ ரேஷன் கடையில. செயலாளர் தோள்ல சவம். அதனாலதான் ஏன் தொறக்கலன்னு நான் கேட்டப்போ நீ பேசல.”

தொண்ணூற்று நான்கு சதவீதம். இன்வெர்ட்டர் இந்தத் தடவை விடாமல் கீச்சிட்டது. பிஜு திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “அம்மே, அம்மே, அஞ்சு மிட்டாய் தரேன், கொஞ்சம் நில்லு,” என்று இன்வெர்ட்டருக்கு லஞ்சம் பேசினான். தொண்ணூற்று ஏழு. தொண்ணூற்று ஒன்பது. கோடு மறைந்தது. அவன் பென்டிரைவை முறைப்படி விடுவித்து இழுத்து எடுத்தான். அதை அமுதவள்ளியின் கையில் வைத்து விரல்களை மடக்கினான்.

மறு நொடி கம்ப்யூட்டர் அணைந்தது. கடிகாரமும் அணைந்தது. மழை மூட்டத்தில் அறை கறுத்து, இருளாயி அம்மாள் படத்தின் கண்ணாடி மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்தது.

அந்த இருட்டில் நாற்காலி தரையில் தேயும் சத்தம் கேட்டது. சங்கரலிங்கம் எழுந்து நின்றார். அன்று போலவே கைகூப்பினார். இந்தத் தடவை செத்தவளுக்கு இல்லை, அறையில் இருந்தவர்களுக்கு.

“மாரிச்செல்வம்,” என்றார். “இந்த நாற்காலி உமக்கு.”

“அண்ணாச்சி, வழக்கத்துக்காகச் செஞ்சது. தெரியாம நடந்ததுக்கு யாரும்…”

“எழுதினத நான் தெரிஞ்சுதான் எழுதினேன்.” பலகையைக் காட்டினார். “ஒம்பது நாள் ஒரே வீட்டுல சோறு போட்டிருக்கா. ஒரு வார்த்தை சொல்லல. இந்தக் குடும்பத்துப் பேரு பாரமாத் தெரியாதுன்னு நான் சொன்னவ அவ.” மருமகளின் பக்கம் திரும்பினார். சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று. “ரஜிதா, போர்டுல எழுதணும். தமிழ்ல நான் எழுதுறேன். பிள்ளைங்களுக்குத் தமிழ் படிக்க வராது. கீழே நீ மலையாளத்துல எழுது. ஒரு வார்த்தை குறையக் கூடாது.”

“மாமா…”

“சாக்பீஸ் எடும்மா.”

‘எடும்மா’ என்று அவர் அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பிஜு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சேச்சி, ஒரு நல்ல சாயா கிடைக்கிற இடத்துக்கு நீந்திப் போக முடியுமா?” என்று கேட்டான். விசாலாக்ஷி அவன் காலை மிதித்தார்.

மறுநாள் பதினொரு மணிக்குத் தாலுக்கா ஆபீஸில் எண்ணைக் கொடுத்தார்கள். பதிவேடு வந்தது. வேலனின் பெருவிரல் அங்கே இருந்தது. ரஜிதா மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு ஃபைல்களையும் பிரதி எடுத்து, டி டிரைவில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மாரிச்செல்வத்தின் வீட்டில் ஒன்று என்று வைத்தாள். திரையில் அம்மன் படத்தையும் திரும்ப வைத்தாள். காலடியில் ஒன்றும் வைக்கவில்லை. ஆடிக் கொடையில் சங்கரலிங்கம் வரிசையில் நின்று விபூதி வாங்கினார்.

பஜார் ரோட்டுச் சாயாக் கடைகளில் இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. கம்ப்யூட்டரைக் கெடுத்தது மருமகள்தான் என்றும், மாமனார் பெரிய மனசோடு அந்தப் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்கிறார்கள். அது பொய். மருமகள் அப்போது ரேஷன் கடையில் இருந்தாள். மெயினை இறக்கி இன்வெர்ட்டரை அணைத்தது சங்கரலிங்கம்.